விளையாட விடுவதும் கற்றுக்கொடுப்பதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடலூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஏழாம் வகுப்பில் 46 பிள்ளைகள். நல்ல நிலையில் இரண்டு வாலிபால்தான் இருக்கிறது, வலை கிடையாது. போன வருடம் நான் படித்துவந்தபடி வரிசையில் நிற்கவைத்து அண்டர்ஹேண்ட், லிஃப்ட், சர்வீஸ் என்று பந்தை அடிக்கும் முறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். வரிசையில் நன்றாகச் செய்தவர்கள்கூட, வருடக் கடைசியில் ஆடவிட்டபோது பந்து வந்ததும் திகைத்து நின்றார்கள். இந்த வருடம் இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி முதல் நாளிலிருந்தே ஆடவிடுகிறேன். இப்போது பிள்ளைகளே தேடி வந்து "மிஸ், இன்னிக்கு பி.டி. உண்டா?" என்று கேட்கிறார்கள். ஆனால் தலைமையாசிரியர், "சும்மா விளையாட விட்டுட்டு நிக்கறீங்களே, கத்துக்குடுக்க வேணாமா?" என்கிறார். மூத்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், அடிப்படை இல்லாமல் ஆடினால் தப்பான பழக்கம் கையில் ஊறிவிடும் என்கிறார். பெரிய வகுப்புப் பெண்கள் பலர் புங்க மரத்தடியை விட்டு வருவதே இல்லை. நான் செய்வது சரிதானா? கயிற்றை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதில்கூட எனக்குத் தெளிவில்லை. நீங்கள் வாலிபால் ஆடியவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஓர் உடற்கல்வி ஆசிரியை
கடலூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாக மனத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் செய்வது சரி. ஆனால் பாதிதான் செய்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தலைமையாசிரியர் கேட்பதில் நியாயம் இருப்பது அந்த மீதிப் பாதியில்தான்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 நிமிட வகுப்பில் வருகைப் பதிவும் வரிசை கட்டுவதும் போனால் 30 நிமிடம் மிஞ்சும். இரண்டு பந்து, வரிசைக்கு 23 பேர். ஆளுக்குப் பத்து நொடி என்றால் ஒரு பிள்ளைக்கு மறுமுறை பந்து கிடைக்க ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகிறது. மொத்த வகுப்பிலும் ஏழு எட்டு முறைதான் பந்தைத் தொடுகிறது. மற்ற நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தொடுதலிலும் பந்து ஒரே இடத்திலிருந்து, ஒரே வேகத்தில், முன்கூட்டியே தெரிந்த நேரத்தில் வருகிறது. ஆட்டத்தில் அப்படி ஒரு பந்தும் வராது. உங்கள் பிள்ளைகள் திகைத்ததற்குக் காரணம் அதுதான். கைக்குத் தெரிந்தது, எப்போது, எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

நானும் அப்படி வரிசையில் நின்றவன்தான். படித்த பள்ளியில் ஒரு வருடம் முழுக்க அண்டர்ஹேண்ட் போட்டேன். ஒரு முழு ஆட்டம்கூட ஆடவிடவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது. வாலிபால் எனக்கு வந்தது தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில். மாலையில் மீனவ இளைஞர்கள் ஆடுவார்கள். ஆள் குறைந்த ஒரு நாளில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வந்த பந்தையெல்லாம் விட்டேன். ஓர் அண்ணன் பக்கத்தில் வந்து சொன்னார்: "பந்தையே பாத்துக்கினு இருக்காதடா. அடிக்கிறவன் தோளப் பாரு. தோள் எந்தப் பக்கம் திரும்புதோ அங்கதான் வரும்." அடுத்த பந்துக்கு நான் முன்னாலேயே நகர்ந்திருந்தேன். எடுத்த பந்து கோணலாகத்தான் போனது. ஆனால் அந்த நொடியில்தான், கையை எப்படி வைப்பது என்று ஒருவர் சொல்லித்தர மாட்டாரா என்று எனக்குத் தவிப்பு வந்தது. பள்ளியில் ஒரு வருடம் அதைத்தானே சொல்லித்தந்தார்கள்! அப்போது எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, காதில் ஏறவும் இல்லை.

இந்தத் தவிப்பை முதலில் உண்டாக்கிவிட்டுப் பிறகு திறனைக் கற்றுக்கொடு என்பதை ஒரு முறையாகவே எழுதிவைத்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ராட் தார்ப் இருவரும் 1982இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளிகளில் திறனை மட்டும் தனியே கற்பித்ததால் என்ன ஆனது என்று அதில் பட்டியல் போட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெற்றி என்பதே கிடைப்பதில்லை, பள்ளியை விட்டுப் போகும்போது ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை, திறமைசாலிகள் என்று பெயர் வாங்கியவர்களும் பயிற்சியாளர் சொன்னால்தான் அசைகிறார்கள் என்று. நம் ஊர்ப் பள்ளி மைதானத்தைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். அவர்கள் சொன்ன வரிசை இது: பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றிய ஆட்டம் முதலில். அதில் என்ன செய்யலாம் என்ற யோசனை அடுத்தது. எப்படிச் செய்வது என்ற திறன் அதற்கும் பின்னால். திறன் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. உங்கள் மூத்த ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் அஞ்சுவது வீணான அச்சமும் இல்லை. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ஒரே தீர்ப்பாக எதுவும் வந்துவிடவில்லை.

இனி அந்த மீதிப் பாதி. ஆடவிட்டுவிட்டு ஓரமாக நின்றால் அது இடைவேளை. கற்பித்தல் நடப்பது ஆட்டத்தின் விதியை நீங்கள் மாற்றும் இடத்திலும், நிறுத்திக் கேள்வி கேட்கும் இடத்திலும்தான். ஓர் ஆட்டத்துக்கு 12 அடி அகலம், 40 அடி நீளம் என்று கோடு போடுங்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பந்தையும் எடுக்கலாம், பிடித்தும் எறியலாம் என்று விட்டுவிடுங்கள். ஒடுக்கமான களத்தில் பக்கவாட்டில் புள்ளி எடுக்கவே முடியாது. முன்னால் தட்டி விடுவது, பின்னால் தூக்கிப் போடுவது இரண்டுதான் வழி. ஐந்து நிமிடம் கழித்து விசில் அடித்து, "எங்க போட்டா அவங்களால எடுக்க முடியல?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளை "பின்னாடி மிஸ்" என்று சொல்லும். "பின்னாடி போகணும்னா எப்படி அனுப்பணும்?" என்று அடுத்த கேள்வி. முழங்காலை மடக்கிக் கையைச் சேர்த்துப் பந்தை உயர்த்தும் அண்டர்ஹேண்டை அந்த இடத்தில் காட்டுங்கள். பத்து நிமிடம் வரிசையிலேயே செய்யவும் சொல்லுங்கள். அப்போது அவர்கள் அதைக் காதால் கேட்க மாட்டார்கள், கையால் கேட்பார்கள். பிறகு பிடிப்பதை எடுத்துவிடுங்கள், சில வாரம் போனதும் தரையில் படுவதையும் எடுத்துவிடுங்கள்.

இரண்டு பந்துக்கு 46 பேரா என்று கேட்பீர்கள். பாதிப் பேருக்குப் பந்தே வேண்டாம், கிளித்தட்டு இருக்கிறது. குச்சியால் தரையில் கட்டம் கீறினால் போதும். குறுக்குக் கோட்டில் மறிப்பவனை ஒரு பக்கம் ஏமாற்றி இழுத்து மறுபக்கம் நுழைவதும், கூட்டாளி அவனை இழுத்து வைத்திருக்கும் நொடிக்காகக் காத்திருப்பதும் கபடியில் பாடிப் போகிறவனுக்கு உயிர். கூடைப்பந்துக்கும் ஹாக்கிக்கும் அதேதான். 22 பேர் இரண்டு கட்டத்தில் கிளித்தட்டு ஆடட்டும், 24 பேர் கயிற்றுப் பக்கம், பாதி நேரத்தில் மாற்றிவிடுங்கள். கயிற்றுப் பக்கம் காத்திருக்கும் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். புள்ளி எண்ணட்டும், எந்தப் பந்து எங்கே விழுந்தது என்று மண்ணில் குறிக்கட்டும். தீர்ப்பும் அவர்களே சொல்லட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். நீச்சல், ஈட்டி, குண்டு, உயரம் தாண்டுதல் ஆகியவற்றில் இந்த வழி கூடவே கூடாது. அங்கே முறையாகக் கற்றுக்கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். கடலோரத்துப் பிள்ளைகளை வைத்திருக்கும் உங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

தலைமையாசிரியரிடம் பேச இன்னொன்றும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் உள்ளரங்கத்துக்குள் உடற்பயிற்சி செய்து சலித்துப்போன மாணவர்களுக்காகத்தான் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் 13 விதிகளும் இரண்டு பீச் பழக் கூடைகளுமாகக் கூடைப்பந்தை உருவாக்கினார். அது சற்று முரட்டு ஆட்டமாகப்பட்ட, வயதில் மூத்தவர்களை மனத்தில் வைத்து 1895இல் வில்லியம் மார்கன் வலையை உயர்த்திக் கட்டி அமைத்தது வாலிபால். இருவரும் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். நம் மாநிலத்தில் உடற்கல்விக்கு வித்திட்ட சென்னைக் கல்லூரியை 1920இல் தொடங்கியதும் அந்த ஒய்.எம்.சி.ஏ.தான். எதிரில் நிற்கும் பிள்ளைக்காக ஆட்டத்தை மாற்றுவது உங்கள் தொழிலில் புதிதாக வந்த பழக்கம் ஒன்றுமில்லை.

புங்க மரத்தடிப் பெண்களைப் பற்றி. எல்லோரும் பார்க்கத் தப்புச் செய்வதுதான் அந்த வயதில் பெரிய பயம். வரிசையில் ஒவ்வொருவராக முன்னால் வந்து செய்யச் சொல்வது அந்தப் பயத்தைப் பெருக்கும். மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடும் ஒரு சின்னக் களத்தில் யாரையும் யாரும் தனியே பார்ப்பதில்லை. பையன்களின் களத்திலிருந்து தள்ளி, அந்த மரத்துக்குப் பக்கத்திலேயே கோடு போடுங்கள். எடை குறைந்த பந்தாக இருக்கட்டும், கை வலித்தால் மறுநாள் வர மாட்டார்கள். துப்பட்டாவை எப்படிக் கட்டிக்கொள்வது என்பதையும் நீங்களே முதல் நாள் காட்டுங்கள். இதை ஓர் ஆண் ஆசிரியரால் செய்ய முடியாது. நீங்கள் அந்தப் பள்ளியில் இருப்பது அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்து எனக்கு மனம் நிறைந்தது.

கயிற்றின் உயரம்: போட்டிகளில் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ஏழாம் வகுப்புக்கு அதெல்லாம் வேண்டாம். நடுத்தர உயரமுள்ள ஒரு பிள்ளையைக் கையைத் தூக்கி நிற்கச் சொல்லி, விரல் நுனிக்கு ஒரு சாண் மேலே கட்டுங்கள். தாழ்த்திக் கட்டினால் எடுத்ததுமே அடிக்கப் பார்ப்பார்கள். உயரமாக இருந்தால் பந்து வளைந்து மெதுவாக வரும், அடியில் போய் நிற்க நேரம் கிடைக்கும். பந்தைத் தொடர்ந்து நான்கைந்து முறை இருபக்கமும் அனுப்ப வந்ததும் விரல் நுனிக்கு இறக்குங்கள். கயிற்றில் பழைய புடவையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துத் தொங்கவிடுங்கள். பந்து மேலே போனதா கீழே போனதா என்ற சண்டை வராது.

அன்புடன்.