மனச்சிதைவு உள்ளவர்களுக்கு யாரும் பேசாமலேயே குரல் கேட்பது ஏன்?

ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிப்பதாக உறுதியாக நம்புவது என்று, எது நிஜம் என்பதில் பிடி தளரும் நிலைதான் சைக்கோசிஸ். மனச்சிதைவில், அதாவது ஸ்கிசோஃப்ரினியாவில், இது முக்கியமான அறிகுறி.

சரி, குரல் எங்கிருந்து வருகிறது? நம் கையால் நமக்கே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வராது. அடுத்து எங்கே தொடப்போகிறோம் என்று மூளை முன்கூட்டியே கணித்து, அந்த உணர்வை அடக்கிவிடுகிறது. மனதுக்குள் பேசும்போதும் 'பேசுவது நான்தான்' என்று மூளை இப்படிக் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பு தவறினால், சொந்த எண்ணமே அந்நியக் குரலாகக் கேட்கலாம். இது இன்னும் முழுதாக நிரூபணமான கோட்பாடு இல்லை. ஆனால் என்னைப் பொறுத்தவரை இதற்கான தடயங்கள் வலுவானவை. லண்டனில் 1993-ல் வெளியான ஆய்வில், குரல் கேட்கும் நேரத்தில் பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. 2000-ல் வந்த ஆய்வு இன்னும் வியப்பு: இப்படிக் குரல் கேட்பவர்களுக்குத் தன் தொடுதலும் பிறர் தொடுதலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கூசின.

அப்புறம் டோபமைன், அதாவது நரம்பு செல்களுக்கிடையே தகவல் கடத்தும் ஒரு ரசாயனம். மூளையின் ஆழத்தில் இது அளவுக்கு மீறினால், தெருவில் யாரோ இருமுவதுகூடத் தனக்கான சைகையாகத் தோன்றலாம். பெரும்பாலான மருந்துகள் டோபமைனின் வேலையைத்தான் தணிக்கின்றன.

பலர் நினைப்பதுபோல 'ஒரே உடம்பில் இரண்டு ஆள்' என்பது மனச்சிதைவு அல்ல. அது வேறொரு பாதிப்பு.