ஸ்பான்சர் வாங்க நாம் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒர்க்‌ஷாப் நடத்துகிறோம். நாங்களே தயார் செய்த பழைய கார்புரேட்டர் ஜிப்சியில் இரண்டு வருடமாக ரேலி ஓட்டுகிறோம். போன முறை எங்கள் பிரிவில் நான்காவது இடம். இப்போது ஒருவர், "இன்னும் இரண்டு வண்டி வாங்கி கம்பெனியாகப் பதிவு செய்யுங்கள். சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பணி) நிதியிலிருந்து 40 லட்சம் ஸ்பான்சர் வாங்கித் தருகிறேன். முன்பணம் 3 லட்சம்" என்கிறார். அப்பா பெயரில் உள்ள ஒன்றரை ஏக்கர் தேயிலையை அடமானம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பட்டா பீரோவிலேயே இருக்கட்டும். அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஸ்பான்சர் என்றால் அவர்கள் நமக்குக் கொடுப்பது. சிஎஸ்ஆர் என்று சொன்ன இடத்திலேயே அவர் மாட்டிக்கொண்டார். ஒரு கம்பெனி தன் பொருளின் விளம்பரத்துக்காகச் செய்யும் ஸ்பான்சரை சிஎஸ்ஆர் கணக்கில் காட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. உங்கள் ஜிப்சியின் கதவில் அவர்கள் ஸ்டிக்கர் ஒட்டினால் அது விளம்பரம்தான். அந்தப் பணம் மார்க்கெட்டிங் கணக்கிலிருந்து வர வேண்டும். அதைக் கேட்க உங்களுக்கு இடையில் ஆள் வேண்டியதில்லை.

நான் சர்வீஸ் குழுவில் இருந்த ஒரு டீமிலும் இப்படி ஒருவர் வந்தார். லெட்டர்பேடில் கம்பெனி பெயர் பளபளவென்று இருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. "எம்.டி. வெளிநாட்டில் இருக்கிறார், அடுத்த வாரம்" என்றே மூன்று மாதம் ஓட்டினார். டயருக்கு வைத்திருந்த பணம் அவரிடம் போய்விட்டது. தேய்ந்த டயரோடு இறங்கினோம். இரண்டாவது ஸ்டேஜிலேயே, அதாவது நேரம் அளந்து ஓட்டும் இரண்டாவது பகுதியிலேயே, வண்டி பள்ளத்தில் இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் நேவிகேட்டருக்குக் காறை எலும்பு முறிந்தது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.

லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன், டீம் பெயரைப் பதிவு செய்து தருகிறேன் என்று வருபவர்களும் இதே ரகம்தான். ஓட்டுநருக்கும் நேவிகேட்டருக்கும் போட்டி லைசென்ஸ், டீம் பெயரில் நுழைய என்ட்ரன்ட் லைசென்ஸ், எல்லாவற்றுக்கும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐக்கு நீங்களே நேராக விண்ணப்பிக்கலாம்.

இந்தத் துறையில் ஓட்டுபவர் முன்கூட்டிப் பணம் கட்டுவது நியாயமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதையும் மோசடி என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். 2010-இல் இங்கே தொடங்கிய போலோ கோப்பை போல, எல்லாரும் ஒரே மாதிரி வண்டியில் ஓடும் போட்டிகளில் வண்டியையும் மெக்கானிக்கையும் நடத்துபவர்களே தருவார்கள், ஓட்டுபவர் சீட்டுக்குக் கட்டணம் கட்டுவார். சில தனியார் டீம்களும் இப்படி சீட் தருவதுண்டு. அங்கே நீங்கள் கேட்க வேண்டியது, அந்தப் பணத்தில் என்னென்ன அடக்கம் என்பது. எத்தனை செட் டயர்? பெட்ரோல் சேர்த்தா? பயிற்சி நாள் எத்தனை? இடித்தால் யார் பொறுப்பு? பலர் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு, சேதத்துக்கான டெபாசிட்டைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டு, முதல் ரேஸில் முன்பக்கம் நசுங்கியதும் கையைப் பிசைகிறார்கள். எழுத்தில் வாங்குங்கள், ரசீது வாங்குங்கள். பணம் டீம் கணக்குக்கோ நடத்துபவர் கணக்குக்கோ போக வேண்டும், தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போகக் கூடாது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், இந்த ஏற்பாட்டில் பணம் வாங்கும் பக்கத்தில் நீங்கள் நிற்க முடியும் என்பதுதான். உங்கள் மூவரின் உண்மையான சொத்து கை வேலை. கோத்தகிரி ஏறக்குறைய 6,000 அடி உயரம். அங்கே பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றிச் சரி செய்த கார்புரேட்டரை அப்படியே சமவெளியில் கேத்தனூர் காற்றாலைப் பக்கம் இறக்கினால், கீழே காற்று அடர்த்தி அதிகம், கலவை லீனாகிவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருக்கும். அதைப் பார்த்தும் ஓட்டினால் பிஸ்டன் போகும். பிளக்கைப் பார்த்து ஜெட் சொல்லும் ஆள் உங்களில் ஒருவர் இருந்தால், சொந்தமாக வண்டி வைத்திருக்கும் இன்னொருவர் தயார் செய்யும் கூலியோடு உங்களைத் தேடி வருவார். இரண்டாவது வண்டி உங்கள் டீமுக்கு அப்படி வரட்டும்.

சொந்தக் காசில் இன்னும் இரண்டு வண்டி என்பது வெறும் விலைக் கணக்கு இல்லை. ஸ்டேஜ்களுக்கு இடையே வண்டியைப் பழுது பார்க்கும் சர்வீஸ் பார்க்கில் அரை மணி கிடைக்கிறது என்று வையுங்கள். மூன்றில் இரண்டு வண்டிகள் கிளட்ச் போய் ஒன்றாக வந்து நிற்கின்றன, நீங்கள் மூன்று பேர். யார் எதன் அடியில் படுப்பது? சர்வதேச விதிப்படி, நேரம் பதியும் இடமான கன்ட்ரோலுக்கு ஒரு நிமிடம் தாமதமானால் 10 விநாடி அபராதம். ஸ்டேஜில் உயிரைக் கொடுத்துப் பிடித்த நேரம் அங்கே போய்விடும். கையில் காசு இருந்தால் ஒரு ஸ்பேர் கியர்பாக்ஸ் வாங்குங்கள்.

ஃபார்முலா ஒன் டீம் நடத்திய பிராங்க் வில்லியம்ஸ் 1977-இல் இங்கிலாந்தின் டிட்காட்டில் ஒரு பழைய கம்பளக் கிடங்கில்தான் புது டீமைத் தொடங்கினார். முதல் வருடம் வேறு கம்பெனியிடம் வாங்கிய ஒரே கார். சொந்தக் கார் 1978-இல், முதல் வெற்றி 1979-இல் சில்வர்ஸ்டோனில், உலகப் பட்டம் 1980-இல். அவரே ஒரு காரோடு ஆரம்பித்தார்.

இன்னொன்று. ராத்திரி கல்லட்டி மலைப்பாதையில் இறக்கிப் பார்க்கும் வேலை வேண்டாம். பொது சாலையில் அரசின் எழுத்து அனுமதி இல்லாமல் வேகப் போட்டி வைத்தால், மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டி இன்சூரன்ஸும் ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. ஆனால் பையன்கள் வேறு எங்கே போவார்கள்? இந்த மலையில் ஒரு மண் மைதானத்தை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டுப் பாருங்கள், மேசை மேசையாக அலைய விடுவார்கள். டெல்லி பக்கம் புத் சர்க்யூட்டில் ஃபார்முலா ஒன் நடந்தபோது, இது விளையாட்டே இல்லை, கேளிக்கை என்று வரி போட்ட நாடு இது. 2013-க்குப் பிறகு அந்தப் போட்டி இங்கே வரவே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இரண்டு வருட முடிவுகள், பத்து நல்ல படங்கள், ஒரு சீசன் செலவுக் கணக்கு, இவற்றை நான்கு பக்கத்தில் அடக்குங்கள். முதலில் கோயம்புத்தூரில் நீங்கள் ஆயிலும் பேட்டரியும் வாங்கும் டீலர்களிடம் போங்கள். பணம் தராவிட்டாலும் சரக்காகத் தருவார்கள், அதுவும் ஸ்பான்சர்தான். அந்த ஆள் மறுபடி போன் செய்தால், "40 லட்சம் எங்கள் கணக்கில் ஏறிய மறுநாள் உங்கள் கமிஷன், ஒப்பந்தமாகவே எழுதிக்கொள்ளலாம்" என்று சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.