முதுகுல ஏடிவி, வால்ல கேம்பர்: எந்த டிரக் தாங்கும்?

கேள்வி: அண்ணே வணக்கம். நானும் வீட்டுக்காரியும், 13 வயசுலயும் 10 வயசுலயும் ரெண்டு பசங்க, கூடவே ஒரு லேப்ரடார். ஏடிவி, அதாவது பெரிய டயர் நாலு வச்ச காட்டு ரோடு வண்டி, ஒண்ணு ஏற்கனவே இருக்கு. இப்ப கேம்பர் (உள்ளயே படுத்து தூங்கற மாதிரி இழுவை வண்டி) ஒண்ணு பாத்து வச்சிருக்கோம், காலியா 2,300 கிலோ, எல்லாம் ஏத்தி அதிகபட்சம் 3,000 கிலோன்னு போட்டிருக்கு. ஏடிவிய டிரக் பெட்ல (பின்னாடி சாமான் ஏத்தற தொறந்த தொட்டி) ஏத்திட்டு கேம்பர பின்னாடி இழுத்துட்டு போகணும், அவ்வளவுதான் ஆசை. எஃப்-150, சில்வரேடோ 1500, ராம் 1500 இந்த சைஸ் பிக்கப் டிரக்கே போதும்னு நெனைக்கிறேன், ஏன்னா நான் பாத்த வண்டி 5,000 கிலோ இழுக்கும்னு விக்கிறவரு சொல்றாரு. 3,000க்கு 5,000 தாராளம் தானே?

பதில்: இல்ல தம்பி, இழுக்கறது வேற, சுமக்கறது வேற. விக்கிறவரு சொன்னது பொய்யின்னு சொல்லல, ஆனா உங்களுக்கு தேவையான நம்பர் அது இல்ல. அடுத்த தடவ அந்த வண்டிய பாக்க போறப்ப டிரைவர் கதவ தொறந்து நிலைப்பக்கம் பாருங்க, டயர் காத்து அளவு போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுல ஆளுங்களும் சாமானும் சேந்து இத்தனை கிலோவுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கும். பேலோட்ங்கறது அதுதான். கிலோ, பவுண்ட் ரெண்டுலயும் போட்டிருக்கும், நமக்கு கிலோதான் வரும், கிலோலயே பேசுவோம். ஒரே மாடல், ஒரே கலர், பக்கத்து பக்கத்துல நிக்குற ரெண்டு வண்டிக்குள்ளயே அந்த நம்பர் நூறு நூத்தம்பது கிலோ வித்தியாசப்படும், ஏன்னா சன்ரூஃப், ஃபோர் வீல் டிரைவ், பெரிய கேபின், மோட்டார் வச்ச சீட்டு எல்லாமே அந்த கணக்குல இருந்துதான் தின்னும். அதனால விளம்பரத்துல போட்ட நம்பர நம்பாதீங்க, நீங்க வாங்கப்போற அந்த வண்டியோட ஸ்டிக்கர ஒரு ஃபோட்டோ எடுத்துக்குங்க.

இப்ப உங்க குடும்பத்த ஏத்துவோம். அந்த சைஸ் வண்டில, கொஞ்சம் வசதி வச்ச மாடல்ல, ஸ்டிக்கர்ல 720 கிலோன்னு இருக்குன்னு வச்சுக்குங்க, அது சாதாரணமா வர்ற நம்பர்தான். நீங்க நாலு பேரும் சேந்து ஒரு 230 (டிரைவரும் இதுல சேத்திதான், நிறைய பேரு தன்னையே மறந்துடறாங்க), லேப்ரடார் 30. ஏடிவி பெட்ரோலோட 330. ராம்ப் (ஏடிவிய ஏத்தற சாய்வு பலகை), கட்டற பெல்ட்டு, ஐஸ் பெட்டி, டூல்ஸ்னு ஒரு 50. எடைய பிரிச்சு குடுக்கற ஹிட்ச்னு (டிரக்கோட பின்னாடி கேம்பர மாட்டற அமைப்பு) ஒண்ணு இந்த சைஸ் கேம்பருக்கு கட்டாயம் வேணும், அந்த இரும்பே ஒரு 40 வரும். இதுவரைக்கும் 680. இன்னும் கேம்பர மாட்டவே இல்ல!

கேம்பரோட நாக்கு, அதாவது முன்னாடி நீட்டிட்டிருக்கற இரும்பு, வந்து ஹிட்ச் மேல உக்காரும் இல்லயா, அந்த எடையும் டிரக்தான் சுமக்கணும். கேம்பரோட மொத்த எடைல 10ல இருந்து 15 சதவீதம் அங்க விழணும், அதுக்கு கம்மியா விழுந்தா கேம்பர் ரோட்ல வால ஆட்டும். காலி எடை 2,300ங்கறத மறந்துடுங்க, காலியா யாரும் ஊர் சுத்த போறதில்ல. தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ, டேங்க்ல 150 லிட்டர் புடிச்சா 150 கிலோ, பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கைன்னு பாத்தா 2,800 ஈஸியா வந்துடும். அதுல 13 சதவீதம் 364. மொத்தம் 1,044 கிலோ. ஸ்டிக்கர் சொல்றது 720. 324 கிலோ அதிகம், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு ஏடிவி. ஏடிவிய வீட்லயே விட்டுட்டு போனா 714, நூல் அளவுல தப்பிக்கும். உங்க பிரச்சனை இழுக்கற சக்தில இல்லங்கறது புரியுதா? 5,000 கிலோ இழுக்கற இன்ஜின் இருந்தும் முதுகெலும்பு தாங்காது.

அந்த 5,000 எப்படி வந்துச்சுன்னும் சொல்லிடறேன். 2008ல எஸ்ஏஇங்கற வண்டி இன்ஜினியருங்க சங்கம் ஜே2807னு ஒரு தரநிலை கொண்டாந்தாங்க, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு தோணின நம்பர போட்டுட்டு இருந்தது. இப்ப டெஸ்ட்டு நல்ல டெஸ்ட்டுதான், அமெரிக்காவுல அரிசோனா பக்கம் டேவிஸ் டேம் ஏத்தம்னு ஒரு நீளமான மலை ரோடு, அதுல ஏசிய முழுசா போட்டு, ஒத்த பின்சக்கர வண்டின்னா மணிக்கு 64 கிலோமீட்டருக்கு கீழ எறங்காம ஏறணும். ஆனா வண்டிக்குள்ள யாரு? தலைக்கு 68 கிலோல ரெண்டே பேரு. பசங்க இல்ல, லேப்ரடார் இல்ல, பெட்ல ஏடிவி இல்ல.

அப்ப எதுதான் வாங்கறது? ஒரு சைஸ் மேல போங்க, எஃப்-250, சில்வரேடோ 2500, ராம் 2500 வகை. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, டீசல்னா எல்லாருக்கும் நாக்குல தண்ணி ஊறும், எனக்கும்தான், மலை எறக்கத்துல எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழிய அடைச்சு இன்ஜினாலயே வேகத்த கொறைக்கறது) புடிக்கறப்ப வர்ற நிம்மதி பெட்ரோல் வண்டில வராது. ஆனா டீசல் இன்ஜின் சில நூறு கிலோ கூடுதல் எடை. இந்த வகை வண்டி நிறையத்துக்கு வண்டியும் சுமையும் சேந்த மொத்த எடைய 10,000 பவுண்ட், அதாவது 4,536 கிலோல நிறுத்தி வச்சிருப்பாங்க, அதுக்கு மேல போனா அடுத்த வகுப்பு வண்டியாயிடும். மேல வரம்பு நின்னு போச்சு, கீழ இன்ஜின் கனமாச்சு, நடுவுல நசுங்கறது உங்க பேலோட்தான். அதனால பெரிய டீசல் வண்டி ஸ்டிக்கர்ல 900, 950னு பாத்தா ஆச்சரியப்படாதீங்க, உங்களுக்கு தேவை 1,044. அதே வண்டி பெட்ரோல் இன்ஜின்ல, கொஞ்சம் எளிமையான மாடலா எடுத்தா 1,300, 1,400 கிடைக்கும். என் ஓட்டு அதுக்குத்தான். டீசல்தான் வேணும்னு மனசு அடம் புடிச்சா 3500 வகைக்கு போயிடுங்க, பின்னாடி ஒத்த சக்கரமே போதும், ரெட்டை சக்கரம் உங்களுக்கு வேண்டாத பாரம்.

பெட் நீளம் பத்தி நீங்க கேக்கவே இல்ல, ஆனா நான் அடிபட்ட இடம் அதுதான். ஏடிவி சுமார் 2.1 மீட்டர் நீளம். அஞ்சரை அடி பெட் 1.7 மீட்டர்தான், ஏடிவியோட பின்சக்கரம் தொறந்த டெயில்கேட் (பெட்டோட பின்கதவு) மேல வந்து நிக்கும். கேம்பர் இல்லாம போனா சமாளிச்சுக்கலாம். எங்க பழைய டிரக்ல அப்படித்தான் ஏத்திட்டு போயிட்டு இருந்தேன், ஒரு நாள் சாயங்காலம் கேம்ப் எடத்துல கேம்பர ரிவர்ஸ் எடுக்கறப்ப ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சேன், டக்னு ஒரு சத்தம், எறங்கி பாத்தா கேம்பர் நாக்குல நட்டுக்கா நிக்குமே ஒரு ஜாக்கி, அதோட தலைல டெயில்கேட்டோட மூலை போய் குத்தி மடங்கிடுச்சு. அதுக்கப்புறம் அந்த டெயில்கேட் மூடவே இல்ல, கயிறு கட்டித்தான் வீடு வந்து சேந்தோம், வீட்டுக்காரி வழி நெடுக ஒண்ணும் பேசல. ஆறரை அடி பெட்ல கூட டெயில்கேட் மூடறது சந்தேகம், டேப் எடுத்து உங்க ஏடிவிய அளந்துட்டு போங்க. எட்டடி பெட் 2.5 மீட்டர், அதுல கவலையே இல்ல, ஏடிவிய நல்லா முன்னாடி தள்ளி நிறுத்தலாம், எடை பின் ஆக்ஸிலுக்கு முன்னாடி விழும். பார்க்கிங்தான் கஷ்டம், அது நெசம்.

அகலத்துக்கு, பெட்ல சக்கர மேடு ரெண்டுக்கும் நடுவுல 1.28 மீட்டர் கிட்ட இருக்கும், சாதாரண ஏடிவி 1.2 மீட்டர் சொச்சம், ரெண்டு பக்கமும் ரெண்டு மூணு விரல் இடம்தான் மிஞ்சும்.

கேள்வி: எங்ககிட்ட இருக்கறது ஏடிவி இல்ல, ரெண்டு சீட்டு சைடு-பை-சைடு வண்டி, அதாவது கார் மாதிரி பக்கத்து பக்கத்துல உக்காந்து ஓட்டற காட்டு ரோடு வண்டி. இதையும் பெட்ல ஏத்தலாமா, இல்ல டாய் ஹாலர் வாங்கிடலாமா?

பதில்: பெட்ட மறந்துடுங்க. போலாரிஸ் ஆர்இசட்ஆர் எக்ஸ்பி 1000 மாதிரி வண்டி 1.63 மீட்டர் அகலம், சக்கர மேட்டுக்கு நடுவுல உக்காரவே உக்காராது, எடையும் 600 கிலோவுக்கு மேல. பெட்டுக்கு மேல தனியா மேடை போட்டு ஏத்தறவங்க இருக்காங்க, அவ்வளவு எடைய அவ்வளவு ஒசரத்துல வச்சுட்டு வளைவுல திரும்பறத என்னால நெனச்சு பாக்க முடியல.

டாய் ஹாலர், அதாவது பின்பக்கம் கேரேஜ் வச்ச கேம்பர், அதுதான் உங்களுக்கு. ஆனா ஒண்ணு. உங்க வண்டி கேம்பரோட ஆக்ஸிலுக்கு பின்னாடி நிக்குது, அப்ப ஏத்தம் இறக்கம் பலகை மாதிரி முன்னாடி நாக்கு மேல எழும்பும். இத தெரிஞ்சேதான் காலியா இருக்கறப்ப நாக்கு எடை கூடுதலா இருக்கற மாதிரி செஞ்சிருப்பாங்க. ஆக, காலி டாய் ஹாலர் டிரக்க அமுக்கும், ஏத்தின டாய் ஹாலர் டிரக்க தூக்கும், ரெண்டு நெலமைக்கும் எடை போட்டு பாக்கணும். ஏத்தினப்புறம் 10 சதவீதத்துக்கு கீழ போச்சுன்னா வண்டிய முன்னாடி நகத்துங்க, முன்பக்க தண்ணி டேங்க் இருந்தா ரொப்புங்க. ராத்திரி அதே ரூம்லதான் தூங்க போறீங்கன்னா பெட்ரோல் வாடை போற வரைக்கும் கதவ தொறந்து போடுங்க.

கேள்வி: என் டிரக்ல பின்பக்கம் தொங்குது. ஸ்பிரிங் பக்கத்துல காத்து பலூன் வச்சா பேலோட் ஏறும்னு மெக்கானிக் சொல்றாரு, சரியா?

பதில்: தொங்கறது நிக்கும். பேலோட் ஒரு கிலோ கூட ஏறாது. ஆக்ஸில், சக்கரம், பேரிங், பிரேக், சேஸி எல்லாம் அதேதானே? பலூன் பண்றது பின்பக்கத்த தூக்கி காட்டறது, அவ்வளவுதான். அதுல ஒரு ஆபத்தும் இருக்கு, வண்டி மட்டமா நிக்குதே எல்லாம் சரின்னு நம்பிடுவோம், ஆனா பின்னாடி அமுங்கறதால முன் ஆக்ஸில்ல கொறஞ்ச எடை கொறஞ்சதாவே இருக்கும், ஸ்டியரிங் லேசா மிதக்கும். எடை பிரிக்கற ஹிட்ச்தான் அந்த எடைல ஒரு பங்க திரும்ப முன் சக்கரத்துக்கும் கேம்பர் ஆக்ஸிலுக்கும் தள்ளும். ஒரு தடவ எல்லாத்தையும் ஏத்திட்டு குடும்பத்தோட எடை மேடைக்கு போங்க, கேம்பர் மாட்டி ஒண்ணு, கழட்டி ஒண்ணு, ஆக்ஸில் வாரியா சீட்டு வாங்குங்க. பலூனுக்கு செலவு பண்றத விட அதுல விஷயம் தெரியும்.

கேள்வி: கேம்பர் மாட்டினா மைலேஜ் எவ்வளவு கொறையும்?

பதில்: பெட்ரோல் வண்டின்னா பாதியாயிடும்னு வச்சுக்குங்க. சமதளத்துல எடைய விட காத்துதான் திங்குது, கேம்பரோட நெஞ்சு எவ்வளவு ஒசரம் அகலமோ அவ்வளவு அடி. வேகத்த கொறச்சா நல்லாவே தெரியும்.

கேள்வி: போன மாசம் நான் ஓட்டறப்ப பெரிய லாரி ஒண்ணு தாண்டி போச்சு, கேம்பர் ஆட ஆரம்பிச்சிடுச்சு, பயந்து பிரேக்க மிதிச்சேன், இன்னும் மோசமாச்சு. கணவர் இனிமே நீ ஓட்ட வேணாங்கறாரு. என்ன பண்ணியிருக்கணும்?

பதில்: நீங்களே ஓட்டுங்கம்மா, அவரு இருந்திருந்தாலும் பிரேக்கத்தான் மிதிச்சிருப்பாரு. டிரக் பிரேக்க மிதிச்சா முன்னாடி இருக்கறது நிக்க பாக்கும், பின்னாடி இருக்கறது தள்ளும், ஆட்டம் கூடும். ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால மெதுவா எடுங்க, ஸ்டியரிங்க நேரா புடிங்க, எதிர்த்து திருப்பாதீங்க. டாஷ்போர்டுல கேம்பர் பிரேக் கண்ட்ரோலர் இருக்கும் பாருங்க, அதுல கையால அழுத்தற ஒரு நெம்புகோல் இருக்கு, அத மட்டும் லேசா அழுத்தினா கேம்பர் சக்கரம் மட்டும் புடிச்சு பின்னாடி இருந்து இழுத்து நேராக்கும். காலியான ரோட்ல மெதுவா போறப்ப நாலஞ்சு தடவ அழுத்தி பழகுங்க, அவசரத்துல கை தானா அங்க போகணும். அப்புறம் நின்னு சாமான் எப்படி ஏத்தியிருக்குன்னு பாருங்க, பின் அலமாரில கனமானத வச்சிருந்தா முன்னாடி மாத்துங்க.

கேள்வி: ஏடிவிய ராம்ப்ல ஏத்தறப்ப பாதில ராம்ப் நழுவிடுச்சு, நல்ல வேளை அடி படல. எப்படி தடுக்கறது?

பதில்: முன் சக்கரம் டெயில்கேட்ல ஏறி பின் சக்கரம் ராம்ப்ல முறுக்கறப்ப அது ராம்ப பின்னாடி உதைக்கும், எல்லாருக்கும் நடக்கறதுதான். ராம்ப்ப ஹிட்ச்சோட இல்ல சேஸி சங்கிலி கொக்கியோட பெல்ட் போட்டு கட்டுங்க, சும்மா மாட்டி விட்டா பத்தாது. டிரக்கோட பின்சக்கரத்த பள்ளமான எடமா பாத்து எறக்கி நிறுத்தினா ராம்ப் சரிவு நல்லா கொறையும், ஏடிவி மல்லாந்து விழற பயமும் கொறையும். ஏறின வேகத்துல முன்னாடி கேபின் கண்ணாடிய உடைச்சவங்க எத்தன பேரு தெரியுமா? லோ கியர்ல போடுங்க. வின்ச் (கயிற சுத்தி இழுக்கற மோட்டார்) இருந்தா ஏறி உக்காரவே வேணாம், பக்கத்துல நின்னு பட்டன அமுக்குங்க.