வெள்ளிக் கோளை எப்போதும் மேகம் மூடியிருக்கிறதே, அதன் தரைப் படம் எப்படிக் கிடைத்தது?

ஆடிச் சாரலில், இரவு நேரம் நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்கு பைக் ஓட்டியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். நனைந்த தார் ரோடு ஹெட்லைட்டில் கன்னங்கரேலென்று கிடக்கும். ஓரத்து ஜல்லி மட்டும் பளிச்சென்று தெரியும். வழுவழுப்பான ஈரத்தில் பட்ட வெளிச்சம் முன்னால் சறுக்கிப் போய்விடுகிறது. ஜல்லி நாலா பக்கமும் சிதறடிப்பதால் கொஞ்சம் நம் கண்ணுக்குத் திரும்புகிறது.

1990 ஆகஸ்டில் வெள்ளியை அடைந்த நாசாவின் மகெல்லன் விண்கலம் செய்ததும் இதுதான். வெளிச்சத்துக்குப் பதில் 12.6 செ.மீ. அலைநீள ரேடியோ அலை. கந்தக அமில மேகம் அதைத் தடுப்பதில்லை. பக்கவாட்டில் சாய்வாக அனுப்பினார்கள். வழுவழுப்பான எரிமலைக் குழம்புச் சமவெளி கறுப்பாகவும், உடைந்த பாறை வெளுப்பாகவும் பதிவாயின. அதனால் அந்தப் படம் போட்டோ இல்லை. அதில் நாம் பார்க்கும் ஆரஞ்சு நிறமும், தரையிறங்கிய சோவியத் வெனேரா கலங்களின் படங்களைப் பார்த்துப் பிறகு சேர்த்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

உயரத்தை அளந்த விதம் நம் விசைப்படகுகளில் இருக்கும் எக்கோ சவுண்டர் மாதிரிதான்: நேர்கீழே அனுப்பிய அலை திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு.

சரி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஆன்டெனாவின் அகலம் வெறும் 3.7 மீட்டர். 300 கி.மீ. உயரத்திலிருந்து அனுப்பினால் அலை தரையில் சுமார் 10 கி.மீ. அகலத்துக்குப் பரவிவிடும்; அதற்குள் இருப்பதைப் பிரித்தறிய முடியாது. ஆனால் கலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் கீச்சென்றும் கடந்துபோனபின் கனத்தும் கேட்குமே, அதேபோல முன்னாலுள்ள தரையின் எதிரொலி அதிர்வெண் சற்றுக் கூடி, பின்னாலுள்ளது குறைந்து வரும். போகிற வழியெல்லாம் சேர்த்த எதிரொலிகளை இப்படிப் பிரித்துக் கணக்கிட்டால், மிக நீண்ட ஆன்டெனா ஒன்று இருந்ததுபோல் ஆகிவிடும். நுணுக்கம் 100 மீட்டர் அளவுக்கு வந்தது!

ஒரு சுற்றுக்கு மூன்றேகால் மணி நேரம், 20 கி.மீ. சொச்சம் அகலத்தில் ஒரு பட்டை. கீழே கோள் 243 நாளில் ஒரு தடவை சுழலும்; அதனால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பட்டை கலத்துக்குக் கீழே வந்துவிடும். 1992-க்குள் 98 சதவீதம் முடிந்தது.

அப்புறம் 2023-இல் ஒரு சேதி. வெள்ளியிலுள்ள மாட் என்ற எரிமலையை மகெல்லன் 1991 பிப்ரவரியிலும் அக்டோபரிலும் எடுத்த படங்களை ஒப்பிட்டார்கள். இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்தவை என்பதால் ஒப்பிடுவதே பெரும்பாடு. முதல் படத்தில் எரிமலை வாய் ஏறக்குறைய வட்டமாக, சுமார் 2 சதுர கி.மீ. இருக்கிறது. எட்டு மாதம் கழித்து எடுத்ததில் அது உருக்குலைந்து, 4 சதுர கி.மீ. ஆகிக் கிடக்கிறது.