ஐ7 என்ற ஸ்டிக்கருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: ஆத்தங்குடியில் டைல் பட்டறை வைத்திருக்கிறோம். காரைக்குடி ஆபீஸில் நாலு பேர் டாலியில் பில் போடுகிறார்கள். மாதக் கடைசியில் ஸ்டாக் அறிக்கை கேட்டால், டீ குடித்துவிட்டு வந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆபீஸுக்கு 14 கோர் ஜியான் சர்வரும், எனக்கு இன்டெல் ஐ7 சிப் போட்ட லேப்டாப்பும் எடுக்கச் சொல்கிறார் கடைக்காரர். இரண்டும் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரிசெய்து விற்பது. ஐ7 என்பதால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லையாம். வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்கவில்லையே? கொடுக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய கொட்டேஷனில் சர்வரின் சிப் ஜியான் இ5-2680 வி4 என்று இருக்கிறது. 2016-இல் வந்தது. கோர் என்றால் சிப்புக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி. 14 கோர் என்பது பொய் இல்லை. ஆனால் ஒரு கோர் அதிகபட்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில்தான் ஓடும். டிசைனுக்கு ஒன்று, கலருக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கில் ஐட்டம் போட்டிருப்பீர்கள். இந்த மாதிரி அறிக்கையில் ஒன்றின் கணக்கு முடிந்துதான் அடுத்ததற்குப் போகும். பெரும்பாலும் ஒரே கோர் உழைக்க, மற்ற 13-ம் வேடிக்கை பார்க்கும். 2022-இல் வந்த ஐ3-12100-இல் நாலே கோர். ஆனால் ஒவ்வொன்றும் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதே கிகாஹெர்ட்ஸிலும் பழையதைவிட அதிக வேலை முடிக்கும். கரண்டும் குறைவு, யுபிஎஸ் தாங்கும். பழசுக்கு விலை ஏறுவதெல்லாம் உங்கள் ஊரில் பழம்பொருள் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில்தான், சர்வரில் இல்லை.

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்து நாலு பேரும் திறக்கிறீர்கள் என்றால், கூட்டிக் கழிக்கிற வேலை அறிக்கை கேட்பவருடைய கம்ப்யூட்டரில்தான் பெரும்பாலும் நடக்கிறது. சர்வர் கோப்பை எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதற்கு 14 கோர் எதற்கு? நல்ல எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்) போதும், வைஃபைக்குப் பதில் கேபிள் இழுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. அறிக்கை ஓடும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தைத் தொட்டு நின்றால் கோளாறு ஹார்டு டிஸ்கில். ப்ராசஸரை மாற்றிப் பயன் இல்லை. சிபியு 12, 13 சதவீதம் காட்டினால் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். 8 த்ரெட் (ஒரே சமயத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள சிப்பில் ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் பன்னிரண்டரைதான் வரும். அப்படி இருந்தால் வேகமான கோர் வேண்டும், நிறைய கோர் அல்ல.

சரி, லேப்டாப். ஐ7-7500யு. இதுவும் 2016. இரண்டே கோர்! அடுத்த வருஷம் வந்த ஐ5-8250யு-விலேயே நாலு கோர் வந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் சிப் பட்டியலிலும் இந்த ஐ7 இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. இதை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டச் சொல்கிறார். 2022-இன் ஐ3-1215யு இதைத் தூக்கிச் சாப்பிடும்.

கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயன் இல்லை. கம்பெனிகள் பெயர் வைக்கிற லட்சணம் அப்படி. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7520யு என்று பார்த்தால் யாருக்கும் புதுசு என்றுதான் தோன்றும். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கோரின் தலைமுறை. இங்கே 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2. இதை வாங்குகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? டெண்டர் எழுதுகிறவர்களும் ‘ஐ5 அல்லது அதற்கு மேல்’ என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். கிடங்கில் தேங்கிய ஐ5 எல்லாம் அந்த ஒரு வரியில் வெளியே போகிறது. ஸ்டிக்கரை நம்பவே நம்பாதீர்கள், அது ஒட்டுகிற காகிதம். மெஷினைப் போட்டு, செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போய் முழு மாடல் எண்ணைப் படியுங்கள். அதே எண் பில்லிலும் சீரியல் நம்பரோடு இருக்கட்டும். எழுதித் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

அப்புறம் ஸ்னாப்டிராகன் லேப்டாப். பேட்டரி நாள் முழுக்க நிற்கும் என்று அடுத்து அதைக் காட்டுவார்கள். நிற்கும்தான். ஆனால் அது ஏஆர்எம் வகைச் சிப், இன்டெல், ஏஎம்டி சிப்புக்கு எழுதியது அதில் நேராக ஓடாது. சாதாரண விண்டோஸ் மென்பொருளை மொழிமாற்றி ஓட்டிவிடும். பிரிண்டர் மாதிரி கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவரை அப்படி ஓட்ட முடியாது. பில் அடிக்கும் பழைய பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்துப் போடும் டிஎஸ்சி டோக்கன் எல்லாம் டிரைவரை நம்பித்தான் இருக்கின்றன. ஏஆர்எம்-க்கென்று தனி டிரைவர் இல்லாவிட்டால் டோக்கன் செருகினாலும் செருகாவிட்டாலும் ஒன்றுதான், அதுவும் வரி ரிட்டர்ன் கடைசி நாளன்று தெரியவரும். கடையிலேயே உங்கள் டோக்கனைச் செருகி, கையெழுத்து விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். “அப்டேட் வரும் சார்” என்ற பேச்சுக்குத் தலையாட்ட வேண்டாம்.

எதை வாங்கினாலும் பட்டறைக்குள் திறந்து வைக்காதீர்கள். சிமெண்ட் தூசி ஃபேனில் அடைத்தால் சூடு ஏறும்; சூடு ஏறினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைந்த வேகத்துக்கு ஐ3 என்ன, ஐ7 என்ன.

முதலில் டாஸ்க் மேனேஜர் பக்கத்தை அறிக்கை ஓடும்போது போட்டோ எடுத்து அனுப்புங்கள், நாலு கம்ப்யூட்டரிலும். இருப்பதிலேயே எஸ்எஸ்டி மாற்றினால் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.