ஷிப்மென்ட் நெருங்கினால் வரும் தலைவலி

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். லைனில் 35 டைலர்கள்; பெரும்பாலோர் பெண்கள். ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் தலைவலி, நெஞ்செரிச்சல், நீர்க்கடுப்பு என்று தினமும் நாலைந்து பேர் மாத்திரை கேட்கிறார்கள். சனிக்கிழமைகளில் யோகா வகுப்பு வைக்கலாம் என்கிறது நிர்வாகம். அது போதுமா?

பதில்: யோகா வகுப்பு நடக்கட்டும், ஆனால் அது மட்டும் போதாது.

முதலில் நீர்க்கடுப்பைப் பார்ப்போம். என்னிடம் இந்தத் தொல்லையோடு வரும் டைலர்கள் பலரின் பையில், காலையில் வீட்டில் நிரப்பிய தண்ணீர் பாட்டில் மாலையிலும் முக்கால்வாசி அப்படியே இருக்கும். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும், போனால் பீஸ் தேங்கும், தேங்கினால் எல்லோர் முன்னிலும் திட்டு விழும் என்பதால் தாகத்தையும் அடக்குகிறார்கள், சிறுநீரையும் அடக்குகிறார்கள். கிருமித்தொற்றுக்கு இதைவிட வசதியான சூழல் வேண்டியதில்லை. தண்ணீர் குறைவதால் தலைவலியும் கூடவே வருகிறது.

வேலை அதிகம் என்பதால் மட்டும் மன அழுத்தம் நோயாக முற்றுவதில்லை. வேலையின் நெருக்கடி மிகுந்து, அதைச் செய்யும் விதத்தில் தனக்கு எந்த உரிமையும் இல்லாதபோதுதான் உடல் அதிகம் பாதிக்கப்படுகிறது என்ற விளக்கத்தை ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் 1979இல் முன்வைத்தார். ஓவர்லாக் மெஷினில் குனிந்திருப்பவரின் நிலை இதுவேதான். மன அழுத்த ஹார்மோன்களான அட்ரினலினும் கார்ட்டிசாலும் நாள் முழுதும் மிகுந்திருக்க, கழுத்துத் தசை இறுகுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணித்துள்ளன.

ஆகவே நிர்வாகத்திடம் லைனுக்கு ஒரு மாற்று டைலரைக் கேளுங்கள். ஒருவர் எழுந்தால் அவர் மெஷினில் இவர் உட்காரட்டும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் வழக்கமே வேண்டாம். ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி ஓய்வு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்திருந்தது. ஷிப்மென்ட் நாளிலும் அந்த ஓய்வில் கை வைக்காதீர்கள். டார்கெட் கூடுவதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

வலி மாத்திரையை நீங்கள் எடுத்துக் கொடுப்பதை இன்றே நிறுத்த வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கும் வலி மாத்திரை நெஞ்செரிச்சலைக் கூட்டும். மாதத்தில் 15 நாளுக்கு மேல் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். நீர்க்கடுப்பு உள்ளவர்களை, குறிப்பாகக் கர்ப்பிணியையோ குளிர்காய்ச்சல் கண்டவரையோ, அன்றே இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை தளர்தல் ஆகியவற்றுக்கு ஒரு நிமிடமும் காத்திராமல் 108ஐ அழையுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமின்றி, அழுகையும் வெறுப்புமாக இருப்பவரிடம் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள். இலவசமாக, எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் கடிதத்தில் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேலிருந்து வரும் நெருக்கடியும் கீழிருந்து வரும் வேதனையும் உங்களிடம்தான் வந்து சேர்கின்றன. இந்த வாரமே இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு, அளவை எனக்கு எழுதுங்கள்.