நைட்டிங்கேல், முகங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெனிஃபர் கென்ட் இயக்கிய 'தி நைட்டிங்கேல்' என்ற ஆஸ்திரேலியப் படத்தைப் பார்த்தேன். இரண்டு இடங்களில் நிறுத்திவிட்டுத்தான் மேலே பார்க்க முடிந்தது. பழங்குடி வழிகாட்டி பில்லிக்குப் பெரிய பாத்திரம் தந்திருப்பதால் பன்முகத்தன்மைக்கு நல்ல உதாரணம் என்கிறார்கள். எனக்கோ, பெண்ணும் பழங்குடியும் மறுபடி வதைபடுவதற்கென்றே திரைக்கு வருகிறார்கள் என்று பட்டது. இதை எப்படி மதிப்பிடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சங்கடம் நியாயமானது. தலைகளை எண்ணி அதைத் தீர்க்க முடியாது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் நுழைய, 2024 விழா முதல் நான்கு பன்முகத்தன்மைத் தரநிலைகளில் இரண்டை எட்டியிருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் வேலை செய்பவர்களையும் பயிற்சிக்கு எடுப்பவர்களையும் வைத்தே அந்த இரண்டையும் எட்டிவிடலாம். வேலைவாய்ப்புக்கு நல்ல விதிதான், ஆனால் திரையில் ஒரு மனிதர் எப்படிக் காட்டப்படுகிறார் என்பது அதற்குள் வராது. கொடூரமான படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு, பிணமாகக் கிடப்பவர்களும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவார்கள்.

வன்முறைக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு, ஸ்டாப்வாட்சோடு ஒருமுறை பாருங்கள். அடிப்பவர் முகம் எத்தனை விநாடி, அடிபடுபவர் முகம் எத்தனை விநாடி, முகமே இல்லாத உடம்பு எத்தனை விநாடி என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கணக்கு மட்டும் நீண்டால் அங்கே ஆள் இல்லை, சதைதான் இருக்கிறது. அடுத்து, கட் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். அடி விழுந்த கையோடு படம் பழிவாங்கப் போகிறவரிடம் தாவிவிட்டால், அடிபட்டவர் கதைக்குத் திரி கொளுத்த வந்தவர், அவ்வளவுதான்.

கென்ட் கிட்டத்தட்ட சதுரமான சட்டகத்தில் எடுத்திருக்கிறார். அகன்ற திரையென்றால் கண் காட்டுக்குள் ஓடிப் போய்விடும். இதில் ஒரு முகம் வந்தால் பார்வைக்குத் தப்பிக்க இடமில்லை. நாயகி கிளேர் வன்புணரப்படும் காட்சிகளில் கேமரா முகங்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கதை நடப்பது 1825இல், இன்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவில். கிளேர் அயர்லாந்துக் கைதி. பில்லியை 'பாய்' (boy, பையா) என்று அதட்டி, முன்னால் நடக்கவிட்டுத் துப்பாக்கியோடு பின்னால் வருகிறாள். துன்பப்பட்டவள் என்பதற்காகப் படம் அவளுடைய இனவெறியை மறைக்கவில்லை. பில்லி பேசும் பலவா கானி, அழிந்துபோன டாஸ்மேனிய மொழிகளின் எச்சங்களிலிருந்து அந்த மக்களே மீட்டெடுத்த மொழி. டாஸ்மேனியப் பழங்குடி மூத்தவர் ஜிம் எவரெட் படத்துக்கு ஆலோசகராக இருந்தார். ஒரு காட்சியில் வெள்ளைக் குடியேறி ஒருவர் பில்லியைத் தன் சாப்பாட்டு மேசையில் உட்காரச் சொல்கிறார். உட்கார்ந்தவன் உடைந்து அழுகிறான், இது என் நாடு, என் வீடு என்கிறான். சொந்த மண்ணில் ஒரு நாற்காலியில் உட்கார வேறொருவர் அனுமதிக்க வேண்டியிருக்கிறது. வதைபடுவதற்கென்றே எழுதப்பட்ட பாத்திரத்துக்கு இப்படி ஒரு காட்சி அமையாது.

குறை இல்லாமலில்லை. பில்லியாக நடித்த பேகாலி கனம்பார், வடக்கு ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்டைச் சேர்ந்த யோல்ங்கு இனத்தவர், டாஸ்மேனியர் அல்லர். அதைவிட என்னை உறுத்துவது லோவானா என்ற பழங்குடிப் பெண். கடத்தப்படுகிறாள், சீரழிக்கப்படுகிறாள், கொல்லப்படுகிறாள். கிளேருக்குப் பாட்டும் கணவனும் கோபமும் கொடுத்து நேரமும் ஒதுக்கிய படம், லோவானாவின் வாழ்க்கைக்குள் அந்த அளவுக்குப் போகவில்லை. நீங்கள் எழுதியிருப்பது பில்லியைவிட அவளுக்குத்தான் பொருந்தும். மறுபடி பார்க்கும் தெம்பு இருந்தால் அந்த விநாடிக் கணக்கை அவள் வரும் காட்சிகளில் போட்டுப் பாருங்கள்.